பன்னிரண்டு விழுக்காடு

கோர்வேரா கணவாயின் உச்சியில்
அன்று என் வேலை கதவடைப்பது.
கதவென்று ஒன்றும் இல்லை.
ஈரச் சாலையில் ஒரு வெள்ளைக் கோடு,
என் கழுத்தில் ஸ்டாப்வாட்ச்,
கையில் சிவப்புக் கொடி.

விதி எளிது.
முதல்வனின் நேரத்தோடு
அதிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டைக் கூட்டு.
அதற்குள் ஏறி வராதவன்
நாளைய பந்தயத்தில் இல்லை.

ஐந்து மணி நேரம், பன்னிரண்டு நிமிடம், நாற்பது நொடி.
முதல்வன் வந்தபோது அவன் வாய் மூடியிருந்தது.
இன்றும் அதைத்தான் நினைக்கிறேன்.
இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில்
மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு வந்தான்,
முக்குக் கடையில் ரொட்டி வாங்கித் திரும்புகிறவன் போல.
எல்லோரும் கைதட்டினோம்.
நானும்தான்.

பிறகு ஆலங்கட்டி மழை.
கும்பல் கும்பலாக வந்தார்கள்,
சேறு பூசிய முகங்கள், யார் யாரென்று தெரியாமல்.
கடிகாரத்தை மேல்சட்டைக்குள் வைத்துத்தான் படித்தேன்.

கொடியை இறக்கிவிட்டேன்.
வளைவில் ஒற்றையாய் ஒரு சைக்கிள்,
அதன் பின்னாலேயே, தோற்றவர்களைக் கூட்டி அள்ளும் வண்டி.
எண் நூற்று எழுபத்தாறு, லீவன் டெரைக்.
தன் தலைவனுக்கு நாள் முழுதும் தண்ணீர் சுமந்தவன்.
சட்டைப் பையில் இன்னும் இரண்டு குப்பிகள்,
கொடுக்க ஆளில்லாமல்.
வாய், திறந்தபடி மறந்துபோயிருந்தது.
நாற்பத்தெட்டு நொடி தாமதம்.

முதுகிலிருந்து எண்ணைக் கழற்றியதும் நான்தான்.
அவன் விரல்கள் மரத்திருந்தன.
நான்கு ஊசிகள்.
அந்த உடம்பில் அன்று நான் கண்ட ஊசி அவ்வளவுதான்.
எவ்வளவு, என்றான்.
சொன்னேன்.
கடைக்காரர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதுபோல்
ஆட்டினான்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து
முதல்வனின் பெயரை அடித்தார்கள்.
உறைபெட்டியில் பொறுமையாக இருந்த ஒரு சின்னப் புட்டி
வாயைத் திறந்துவிட்டதாம்.
பதிவேட்டில் அவன் இருந்த இடத்தில்
இப்போது ஒரு சிறு கோடு.
ஆள் போய்விட்டான், அவன் நேரம் போகவில்லை.
அதன் மேல் ஏறிய வட்டியும் போகவில்லை.

பெல்லூனோவில், சமையலறை மேசையில்
பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.
வெள்ளைக் கோட்டை இனி யார் காலடியிலிருந்து அளப்பது?
இரண்டாமவனும் பிடிபட்டான்.
மூன்றாமவன் தொலைக்காட்சியில் அழுதான்.
நான்காமவன் முப்பத்துநான்கு வயதில்
தூக்கத்திலேயே போய்விட்டான்;
அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.
ஐந்தாமவனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை,
சுத்தமானவன் என்றும்கூட.

முதல்வனுக்கு நாற்பத்துமூன்று நொடி பின்னால் வந்தவன் அவன்.
சரி, அவனையே அடியாக வைத்துப் பெருக்கினேன்.
கோடு நகர்ந்தது
நாற்பத்தெட்டு நொடியும்
ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கும்.
மறுபடி போட்டுப் பார்த்தேன்.
டெரைக் உள்ளே இருக்கிறான்,
மழையில் நனைந்த ஒரு டயரின் பருமன் அளவுக்கு உள்ளே.

எழுதினேன்.
ரோன்சே பக்கம் பால் லாரி ஓட்டுகிறாராம்.
தலை நரைத்திருக்கும், இனி அவர் என்றுதான் சொல்ல வேண்டும்.
மூன்று வாரம் கழித்து ஒரு அட்டை,
பிரெஞ்சில், என்னுடையதைப் போலவே பிழைகளோடு:

“அம்மா, கணக்குக்கு நன்றி.
எட்டாம் வளைவில், மூடுபனிக்குள்,
எங்கள் அணிக் காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.
இருபது மீட்டர் இருக்கும்.
முப்பதாகவும் இருக்கலாம்.
அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.”

எட்டாம் வளைவில் ஏற்றம் செங்குத்து, அன்று எதிர்க்காற்று.
முப்பது மீட்டருக்கு எத்தனை நொடி என்பது
எனக்குத் தெரியாததல்ல.

பென்சில் மேசைமேல் கிடக்கிறது.
யாரும் கேட்காமல் வந்த அந்த முப்பது மீட்டரை
எந்தப் பக்கத்தில் எழுதுவது?
அட்டையைத் திருப்பிப் பார்க்கிறேன்.
படத்தில் ஒரு பசு,
வாய் நிறையப் புல்லோடு,
என்னையே பார்க்கிறது.